வராத நாளில் தலைவியானவள்

பதினொன்றாம் வகுப்பு பி பிரிவில் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரு வழக்கம் இருந்தது. தேர்தல் நாளன்று யார் பள்ளிக்கு வரவில்லையோ அவர்தான் தலைவர். இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. வந்திருப்பவர்களில் ஒருவர் பெயரைச் சொன்னால் அவர் எழுந்து நின்று முடியாது என்பார். பெயரைச் சொன்னவரிடம் ஒரு வாரம் பேசமாட்டார். வராதவரால் எழுந்து நிற்க முடியாது. ஆகவே அவர்மேல் எல்லோருக்கும் திடீரென்று ஒரு நம்பிக்கை பிறந்துவிடும். வகுப்பாசிரியையும் கரும்பலகையில் 'ஏகமனதாக' என்று எழுதிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவார்.

அந்த ஆண்டு வராமல் போனவள் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தாள். மறுநாள் ஒரு கன்னம் வீங்கி, வாய்க்குள் பஞ்சோடு வந்து உட்கார்ந்தபோதுதான் தான் பதவியில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. மறுப்புச் சொல்ல வாய் திறக்கவில்லை. கையை ஆட்டினாள். அதை எல்லோரும் நன்றி என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து அவள் பெயர் 'லீவு'.

லீவு மோசமான தலைவி இல்லை. நல்ல தலைவி என்றும் சொல்வதற்கில்லை. கரும்பலகையைத் துடைத்தாள், வருகைப் பதிவேட்டை ஆசிரியர்கள் அறைக்கும் வகுப்புக்குமாகச் சுமந்தாள், பேசுகிறவர்கள் பெயரை எழுதச் சொன்னால் யார் பெயரையும் எழுதாமல் தாளை மடித்து வைத்தாள். உலகத்தில் நடப்பதெல்லாம் எங்கோ ஓர் அறையில் முடிவாகி, பிறகு நமக்குச் செய்தியாக வருகிறது என்பது அவள் கொள்கை. பதினாறு வயதுக்கு அது கொஞ்சம் பெரிய கொள்கைதான். ஆனால் அதை அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தானே கண்டுபிடித்தாள்.

அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிகளில் கம்பி வடத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டு, மாலையில் வந்து கையைச் சோப்பில் மூன்று முறை கழுவி, தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்து சண்டை ஆரம்பிப்பார்.

"இவனையெல்லாம் நிக்க வெச்சுக் கேள்வி கேக்கணும்!"

"கேளுங்களேன்பா," என்பாள் லீவு, வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"இப்ப கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

"டி.வி.க்குக் காது கிடையாதுப்பா."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அம்மா, அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். ஊசி குத்துகிற மாதிரிதான் பேசுவாள். சுருக்கென்று ஒன்று, அதோடு முடிந்தது. "போன தடவை ஓட்டுப் போடப் போனீங்களா?"

"க்யூ எவ்வளவு நீளம் தெரியுமா உனக்கு?"

இந்தப் பள்ளியில்தான் லீவு அரசியல் படித்தாள். நமக்கெதுக்கு என்ற ஒரே பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினாள்.

அவளுக்கு வகுப்பில் ஒரே ஒரு உயிர்த்தோழி. ஊரின் வடக்குக் கோடியில், கல்குவாரியைத் தாண்டி இருக்கிற குடியிருப்பிலிருந்து வருகிறவள். நாலு இருபதுக்கு மணி அடித்ததும் பைக்குள் புத்தகம் போனதா வெளியே விழுந்ததா என்று பார்க்காமல் நாலு நாற்பது பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். அதனால் அவள் 'பஸ்காரி'. லீவு படிப்பில் நடுத்தரம்; பஸ்காரி உயிரியலில் கெட்டி. தவளையின் இதயத்தைப் பார்க்காமலே வரைவாள்.

ஒரு திங்கள்கிழமை பஸ்காரி நகராட்சி அறிவிப்பு ஒன்றைத் தொலைபேசியில் படம் பிடித்து வந்து காட்டினாள். பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்தது. ஓட்டுநர்களின் பணி நேரத்தை மாற்றுவதால் வடக்குக் கோடி செல்லும் மாலை நாலு நாற்பது பஸ் இனி நாலு பத்துக்குப் புறப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

"நாலு பத்துக்கு நான் கெமிஸ்ட்ரி லேப்ல இருப்பேன்டி," என்றாள் பஸ்காரி.

"அடுத்த பஸ்?"

"ஆறரைக்கு. ரெண்டு மணி நேரம் நிறுத்தத்துல நிக்கிற வேலை வேணாம், குவாரிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயே சேந்துக்கோன்னு எங்கப்பா சொல்லிட்டாரு."

"அங்க பயாலஜி இருக்கா?"

"அங்க பயாலஜியும் இல்ல, நீயும் இல்ல."

எங்கோ ஓர் அறையில் முடிவாகி வந்த செய்தி, இந்த முறை பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்திருந்தது.

அன்று மாலையே வகுப்பின் வாட்ஸாப் குழு கொதித்தது. கோபமான முகங்கள், முஷ்டிகள், எரியும் பஸ் ஒன்றின் படம். எரிகிற பஸ் நமக்கு எதிரான வாதம் ஆயிற்றே என்று யாருக்கும் தோன்றவில்லை. வாக்கெடுப்பு வைத்தார்கள்: போராடலாமா, வேண்டாமா? எத்தனை விடையை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்ததால், யார் மனமும் நோகக் கூடாதென்று முப்பது பேர் இரண்டுக்கும் வாக்களித்தார்கள்.

பிறகு எல்லோருமாக நகராட்சியின் சமூக வலைத்தளப் பக்கத்துக்குள் புகுந்து, மேலே எது கண்ணில் பட்டதோ அதன் கீழே எழுதித் தள்ளினார்கள். 'இது அநியாயம்', 'விடமாட்டோம்', 'திரும்பக் கொடு', கூடவே அழுகிற முகங்கள் இருநூறு. மேலே கண்ணில் பட்டது, ஓய்வுபெற்ற வடிகால் பொறியாளர் ஒருவர் காலமான அறிவிப்பு. மறுநாள் காலை நகராட்சி பதில் போட்டிருந்தது: 'மறைந்த பொறியாளர்மேல் இளைய தலைமுறை வைத்திருக்கும் அன்பு நெகிழ வைக்கிறது. நன்றி.'

"நாம ஜெயிச்சுட்டோமா?" என்று கேட்டான் கடைசி வரிசையில் ஒருவன்.

"அவரைத் திரும்பக் கொடுக்க மாட்டாங்கடா," என்றாள் லீவு.

வகுப்பாசிரியை அவளைக் கூப்பிட்டு, "நீதானே தலைவி, நகராட்சி ஆபீஸுக்கே போய்க் கேளேன்," என்றார். யோசனை சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டார். நீதானே தலைவி என்று யாராவது சொல்லும்போதெல்லாம் லீவுக்கு அந்தக் கடைவாய்ப் பக்கம் லேசாக வலிக்கும்.

நகராட்சி அலுவலகத்தின் தரைத்தளத்தில், மூன்றாம் எண் கவுண்டருக்குப் பின்னால் ஓர் எழுத்தர் அம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. வலது கையில் தேதி முத்திரை. பேசும்போதும் அதைக் கீழே வைப்பதில்லை.

"மேடம், பஸ் விஷயமா எத்தனை ஆட்சேபம் வந்திருக்கு?"

அவர் ஒரு கோப்பைத் திறந்து மேசைமேல் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றும் விழவில்லை.

"நாங்க நாப்பது பேர் கமெண்ட் போட்டோமே மேடம்."

"அது மேல்மாடில ஒரு பையன் பாக்குறான். இங்க பேப்பர்தான் வரணும். பேரு, வீட்டு விலாசம், என்ன பாதிப்பு, கையெழுத்து. ஆளுக்கு ஒண்ணு."

"எங்களுக்குப் பதினெட்டு வயசு ஆகலையே?"

எழுத்தர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிவிப்பை மறுபடி படித்தார். "வயசு போடல. பஸ்ஸுல ஏற வயசு கேக்குறாங்களா என்ன?"

கையெழுத்து என்றதும் வகுப்பில் ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. நாற்பத்து நான்கு பேரில் ஐந்தாறு பேரைத் தவிர யாருக்கும் கையெழுத்தே இல்லை. அதுவரை வாழ்க்கையில் எதற்கும் பொறுப்பேற்றுப் பெயர் கிறுக்க வேண்டிய தேவை வந்ததில்லை. மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் பழகியவர்கள் மட்டும் சிலர் இருந்தார்கள். இரண்டு மதிய இடைவேளைகள் கையெழுத்து உருவாக்குவதிலேயே போயின. ஒருத்தி கடைசி எழுத்தின் வாலை நீட்டி அதில் ஒரு பூ வரைந்தாள். ஒருவன் தன் கையெழுத்தைத் தானே இரண்டாம் முறை போட முடியாமல் தவித்தான். இன்னொருவன், "பேரு போட்டா பின்னாடி ஏதாவது வருமா?" என்று மெல்லக் கேட்டான்.

"என்ன வரும்?"

"தெரியல. ஏதாவது."

லீவு வீட்டில் உட்கார்ந்து மாதிரிக் கடிதம் ஒன்று எழுதினாள். அப்பா தானும் உதவுகிறேன் என்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்தார். அது அந்த வீட்டில் அபூர்வமான காட்சி.

"எழுதிக்கோ. பொதுமக்களின் ரத்தத்தை உறிஞ்சும் அட்டைகளே..."

"அப்பா, ஒரு பஸ்ஸைப் பத்தித்தான்பா எழுதறேன்."

"ஆரம்பம் சூடா இருக்கணும்மா."

"ரத்தம் உறிஞ்சுறதுன்னா என்னையும் சேத்துத்தானே சொல்றீங்க?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

அட்டைகள் நீக்கப்பட்டன. எட்டு வரியில் ஒரு கடிதம் மிஞ்சியது. அதை லீவு படம் எடுத்துக் குழுவில் போட்டு, 'இதைப் பாத்து எல்லாரும் எழுதிட்டு வாங்க' என்றாள்.

எழுதிக்கொண்டு வந்தார்கள். பதினான்காம் நாள் மாலை நாற்பத்து மூன்று கடிதங்களை ரப்பர் வளையம் போட்டு அவள் மூன்றாம் எண் கவுண்டரில் வைத்தாள். நடந்து போனபோது தன் முதுகு நிமிர்ந்திருந்ததை அவளே கவனித்தாள்.

எழுத்தர் அம்மா முதல் கடிதத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதை எடுத்து முதல் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு வேகமாகப் புரட்டினார்.

"ஏம்மா, இரும்புப் பாலத் தெரு, எட்டு பார் மூணு, முதல் மாடி. அது எவ்வளவு பெரிய வீடு?"

"ரெண்டு ரூம் மேடம். ஏன்?"

"நாப்பத்து மூணு பேர் குடியிருக்கீங்களே."

லீவு கடிதங்களை வாங்கிப் பார்த்தாள். அவள் விலாசம் எல்லாக் கடிதத்திலும் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் இருந்தது. ஐந்தாம் வரியில் அவள் 'சிரமம்' என்ற சொல்லைத் தப்பாக எழுதி, அடித்துவிட்டு, மேலே திருத்தி எழுதியிருந்தாள். நாற்பத்து இரண்டு பேரும் அதே இடத்தில் தப்பாக எழுதி, அடித்துவிட்டு, மேலே திருத்தி எழுதியிருந்தார்கள். வகுப்பின் பல வருட உழைப்பு அதில் தெரிந்தது. வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதுவதில் இவ்வளவு நாணயமானவர்கள் வேறு எங்கும் கிடைக்கமாட்டார்கள்.

"இதை ஒரே ஆட்சேபமாத்தான் எடுத்துக்க முடியும்," என்றார் எழுத்தர் அம்மா. அவர் குரலில் கேலி இருந்தது, கடுமை இல்லை. "உங்க கிளாஸ்ல எத்தனை பேரு?"

"நாப்பத்து நாலு."

"அப்ப ஒருத்தர் எழுதல. இந்த பஸ்ஸுல நிஜமாப் போறது யாரு?"

"என் ஃபிரண்டு, மேடம். அவளுக்காகத்தான்..." லீவு கட்டை இன்னொரு முறை, இந்தத் தடவை பெயர்களைப் பார்த்தபடி புரட்டினாள். பஸ்காரியின் பெயர் இல்லை.

எழுத்தர் அம்மா முத்திரையை மைப்பெட்டியில் ஒருமுறை தட்டிக்கொண்டார். "நாளைக்கு அஞ்சு மணி வரை நேரம் இருக்கு."

பஸ் நிறுத்தத்தில் பஸ்காரியைப் பிடித்தபோது மணி நாலு முப்பத்தெட்டு.

"நீ ஏன்டி எழுதல?"

"எனக்காக நானே எழுதினா சுயநலம் மாதிரி இருக்காதா? நீங்கள்லாம் எழுதினா பொதுநலம்."

"பொதுநலம் எல்லாம் எங்க வீட்டு முதல் மாடில குடியிருக்குடி!" என்று கத்திவிட்டு லீவு நடந்ததைச் சொன்னாள். பஸ்காரி முதலில் சிரித்தாள். பிறகு முகம் மாறியது.

"அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் உன் கைல தானே இருக்கு? கடைசிப் பக்கத்துல எல்லார் விலாசமும் இருக்கும். நீயே மாத்தி எழுதிடேன்."

லீவு அதை யோசிக்காமல் இல்லை. பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுபோய், மேசைமேல் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்தும் பார்த்தாள். பிறகு மூடிவிட்டாள். நேர்மை என்று இதைச் சொல்லிவிடலாம். நாற்பத்து மூன்று கடிதம் எழுதக் கை வலிக்கும் என்ற கணக்கும், கண்ணாடி போட்ட அந்த எழுத்தர் அம்மாவுக்குக் கையெழுத்து அடையாளம் தெரியும் என்ற பயமும் அதில் சரிபாதி கலந்திருந்தன. மனிதர்கள் செய்கிற சரியான காரியங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதனால் அவை தவறாகிவிடுவதில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் லீவு கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். பதவியேற்று நாலு மாதத்தில் அவள் வகுப்பைப் பார்த்துப் பேசியது அதுவே முதல் முறை.

"எல்லாரும் கேளுங்க. இப்ப யாரும் யாரையும் பாத்து எழுதக் கூடாது."

வகுப்பு அதிர்ந்தது. "பரீட்சையாடி?" என்றது ஒரு குரல்.

"பஸ் மாறினா உங்களுக்கு என்ன ஆகும்னு நீங்களே எழுதணும். உங்க வீட்டு விலாசம் போடணும்."

"எங்க வீட்டு நம்பர் எனக்குத் தெரியாதே. பச்சை கேட்னு போட்டா வருமா?"

"எனக்கு ஒண்ணுமே ஆகாது. நான் சைக்கிள்ல வர்றேன்."

"அப்ப எழுதாத," என்றாள் லீவு. "ஒண்ணும் ஆகாதவங்க எழுத வேணாம். பொய் எழுத வேணாம்."

இதைக் கேட்டதும் வகுப்பில் பாதிப் பேர் நிம்மதியாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். மீதிப் பேரிலும் பலருக்குப் பேனா ஓடவில்லை. இடைவேளை முடியும்போது அவள் கையில் இருந்தவை ஒன்பது. நாற்பத்து மூன்று எங்கே, ஒன்பது எங்கே! அவளுக்கு அழுகை வந்தது. எழுதாதவர்கள்மேல் வந்த கோபத்தில், பேசுகிறவர்கள் பெயர்ப் பட்டியலை முதல் முறையாக நிரப்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

ஒன்பதில் ஒன்று பஸ்காரியுடையது. எட்டு வரி எழுதினால் போதுமென்று லீவு சொல்லியிருந்தாள். அவள் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். ஐந்து வருடமாக அந்த பஸ்ஸில் போகிறவளுக்கு அதில் யார் எங்கே ஏறுவார்கள் என்பது தவளையின் இதயத்தைப் போலவே மனப்பாடம். சந்தை நிறுத்தத்தில் வெறுங்கூடையோடு ஏறும் ஆறு பேர். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பகல் ஷிஃப்ட் முடிந்து நாலரைக்கு வெளியே வரும் நான்கு ஆயாக்கள். ஊன்றுகோலோடு ஒரு தையல்காரர். அவருக்காக ஓட்டுநர் அரை நிமிடம் கூட நிற்பார். பஸ் நாலு நாற்பது என்று பெயரே தவிர நாலு நாற்பத்தேழுக்குத்தான் கிளம்பும் என்பதையும் அவள் விடவில்லை.

சைக்கிள்காரன் ஒருவனும் எழுதியிருந்தான். 'எனக்கு இந்த பஸ்ஸால் ஒரு பயனும் இல்லை. ஆனால் என் வகுப்பில் ஒருத்தி போய்விடுவாள். பிறகு உயிரியல் சந்தேகத்துக்கு நான் யாரிடம் போவேன்?' சுயநலத்தை இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொண்ட ஆட்சேப மனுவை அந்த நகராட்சி அதற்குமுன் பார்த்திருக்காது.

ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ஒன்பது தாள்களிலும் முத்திரை விழுந்தது. எழுத்தர் அம்மா மூன்று பக்கக் கடிதத்தை மட்டும் மேலே எடுத்து வைத்தார்.

அடுத்த வியாழக்கிழமை நகராட்சியில் ஆட்சேபங்கள்மேல் விசாரணை. மாடியில் ஓர் அறை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று உறுப்பினர்கள். அதில் ஒருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தார். லீவு ஒரு தீப்பொறி பறக்கும் சண்டையை எதிர்பார்த்திருந்தாள். தொலைக்காட்சியில் அப்படித்தான் நடக்கும். இங்கே ஒருவர் பஸ்காரியின் கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்து, ஆஸ்பத்திரி ஆயாக்கள் இடத்தில் நிறுத்தி, "நாலரைக்கா வெளிய வர்றாங்க? நாலு மணிக்கு முடியும்னுல்ல நமக்குச் சொன்னாங்க," என்றார். பக்கத்தில் இருந்தவர் காகிதம் தேடினார். பஸ்காரி எழுந்து, "நாலரைக்குத்தான் சார். கையெழுத்துப் போட்டுட்டு வர அஞ்சு நிமிஷம் ஆகும்," என்றாள். பின்வரிசையில் அவள் அப்பா குவாரித் தூசு படிந்த சட்டையோடு உட்கார்ந்து, இது தன் மகள்தானா என்று பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. நாலு நாற்பது முடியாது. ஓட்டுநர் பணி நேரம் இடிக்கும். நாலரை, அதற்குமேல் ஒரு நிமிடம் நிற்காது. மூன்று மாதம் பார்ப்பார்கள். ஆள் ஏறாவிட்டால் நாலு பத்துதான்.

வெளியே படியில் வைத்துப் பஸ்காரியின் அப்பா, "மூணு மாசம் பாப்போம்," என்றார். அவரும் நகராட்சி மாதிரியே பேசினார். பள்ளி மாற்ற விண்ணப்பத்தை அவர் கிழிக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திங்கள்கிழமை நாலு இருபத்தெட்டுக்குப் பஸ்காரி நிறுத்தத்தில் நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது. கையில் ஒரு குட்டி நோட்டு. ஏறுகிறவர்களை அவளே தினமும் எண்ணப்போகிறாள். மூன்று மாதம் கழித்து அவர்கள் ஓர் எண்ணிக்கை சொன்னால் இவளும் ஒன்று சொல்வாள். பஸ் வந்ததும் அவள் முன்படியில் ஏறி நின்று எழுத ஆரம்பித்தாள். பின்படி வழியாக லீவு ஏறினாள். அவளுக்குப் பின்னால் வகுப்பில் பன்னிரண்டு பேர் ஏறினார்கள், சைக்கிளைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தவன் உட்பட. கடிதம் எழுத முடியாதவர்கள் பலரும் பஸ் ஏற வந்திருந்தார்கள்.

"இது என்னடி?"

"கூட்டம் காட்டுறோம்," என்றாள் லீவு பெருமையாக. "எங்களையும் எழுதிக்கோ. பதிமூணு பேரு."

"எங்க இறங்குவீங்க?"

"அடுத்த ஸ்டாப்."

பஸ்காரி பேனாவை மூடினாள். "ஒரு ஸ்டாப்புக்கு ஏறி இறங்குறவங்களை நான் எழுத மாட்டேன்."

"ஏய், நான் உன் ஃபிரண்டுடி!"

"அதனாலதான் முன்னாடியே சொல்றேன்."

பஸ் நாலரைக்குச் சரியாகக் கிளம்பியது. அடுத்த நிறுத்தத்தில் பதிமூன்று பேரும் இறங்கி, யார் யோசனை இது என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தார்கள். சந்தை நிறுத்தத்தில் ஆறு பேர் ஏறினார்கள். பஸ்காரி ஆறு என்று எழுதினாள்.